டை ராடில் சுற்றியிருந்த சிவப்புத் துணி

வண்டியில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால் நான் முதலில் ஆட்களைத்தான் சந்தேகப்படுவேன். கடைசியாக ஓட்டியது யார், கடைசியாகக் கை வைத்த மெக்கானிக் யார், பக்கத்தில் நின்று "வண்டி நல்லா ஓடுதே" என்று சொல்லிவிட்டுப் போனது யார் என்று பார்த்துவிட்டு, அதற்கப்புறம்தான் வண்டியிடம் வருவேன். மைக்செட், பந்தல், சேர் வாடகைக்கு விடுவது என் தொழில். விசேஷ வீடுகளுக்குக் கொடுத்தனுப்பிய சேர்களை எண்ணி வாங்கி வாங்கி, யாரைப் பார்த்தாலும் இவர் வீட்டுக் கொல்லையில் நம்ம சேர் ஒன்று கிடக்குமோ என்று தோன்றுகிற நிலைக்கு வந்துவிட்டேன். சம்பந்தி வீட்டுக்கு முதல்முதலாகப் போனபோது, உட்காரச் சொன்ன சேரைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் நம்ம பெயின்ட் அடையாளம் இருக்கிறதா என்று பார்த்தவன் நான். என் மனைவி அதை இன்னும் மன்னிக்கவில்லை.

இந்தத் தை மாதம் அப்படி ஒரு சத்தம் வந்தது. குன்னத்திலிருந்து எங்கள் ஊருக்குப் பிரிகிற வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தால், இடது முன்சக்கரத்துப் பக்கம் 'கடக்' என்றது. நேராக ஓட்டும்போதும் ஸ்டியரிங் லேசாக நடுங்கியது. நடுங்குவது என் கைதானோ என்று முதலில் சர்க்கரை மாத்திரையைச் சந்தேகப்பட்டேன். மாத்திரையை நேரத்துக்குப் போட்டும் சத்தம் நிற்கவில்லை.

வேறு சமயமாக இருந்தால் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டியிருப்பேன். ஆனால் மறுநாள் ஜெயங்கொண்டத்தில் என் மகளுக்கு வளைகாப்பு. வளையல் போட்டு முடித்ததும் அவளைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். ஸ்பீக்கர் பெட்டிகளை இறக்கிவிட்டு, கழற்றி வைத்திருந்த பின் சீட்டைத் திரும்ப மாட்டி, மேலே மெத்தை விரித்து, இந்தப் பழைய வேனில்தான். சம்பந்தி தன் காரை அனுப்புகிறேன் என்றுதான் சொன்னார். அந்தக் காரை ஓட்டுவது அவருடைய தங்கை மகன். ஒரு கை போனில், ஒரு கை ஸ்டியரிங்கில், கண் இரண்டும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மேல் என்று ஓட்டுகிறவன். "எங்க புள்ளைய நாங்களே கூட்டிட்டு வந்துக்கிறோம் சம்பந்தி, நம்ம வண்டி இருக்கு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய் மூடவில்லை, சத்தம் வந்துவிட்டது. வாடகைக் கார்களுக்குப் போன் செய்தேன். முகூர்த்த நாள், ஒன்றுகூட இல்லை.

ஜெயங்கொண்டத்திலிருந்து வருகிற வழியில் அரியலூரைத் தாண்ட வேண்டும். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வருகிற சாலை அது. அந்தச் சாலையில், நிறைமாதத்தை நெருங்குகிற பெண்ணைப் பின்னால் வைத்துக்கொண்டு போகும்போது, நான் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்ப, சக்கரம் வேறு பக்கம் போனால்? இந்தக் கேள்வியை நான் வீட்டில் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் என் மனைவி அந்த நிமிஷமே சம்பந்திக்குப் போன் போடுவாள்.

குன்னத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் மச்சினன் கல்யாணத்தில் இருந்தார். போனில் பின்னணியாக நாதஸ்வரம் கேட்டது. "டை ராட் எண்டு போயிருக்கும்ணே. நாளான்னிக்கி வந்து மாத்தித் தரேன்" என்றார். வண்டியைப் பார்க்காமலே இவருக்கு எப்படித் தெரிந்தது? போன மாதம் கிரீஸ் வைக்கிறேன் என்று வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தவர் இவர்தானே? அதை மனதில் குறித்து வைத்துக்கொண்டு, புது எண்டு வாங்கப் பெரம்பலூருக்கு பஸ் ஏறினேன்.

டை ராட் என்பது, ஸ்டியரிங் திரும்பும்போது முன்சக்கரத்தைப் பிடித்து இழுக்கிற கம்பி. அதன் நுனியில் உருண்டைத் தலையோடு ஒரு மூட்டு உண்டு, நமக்குத் தோள்பட்டை இருக்கிற மாதிரி. அதைத்தான் எண்டு என்கிறார்கள். அந்த மூட்டுக்கு ஒரு காம்பு. காம்பு கீழே போகப் போகச் சிறுத்து, சக்கரத்துப் பக்கமிருக்கிற ஓர் இரும்புக் காதுக்குள் ஆப்பு இறங்கிய மாதிரி உட்கார்ந்திருக்கும். அடியில் நட்டு. நட்டு கழலாமல் இருக்கக் குறுக்கே ஒரு பின். இவ்வளவும் பஸ்ஸில் போகும்போது போனில் வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டது. வீடியோவில் ஒருவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இரண்டு தட்டுத் தட்டினார், எண்டு கழன்று கையில் விழுந்தது. நான் அந்த வெள்ளைச் சட்டையைத்தான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பெரம்பலூர்க் கடைக்காரர் "ஒரிஜினல் வேணுமா, நல்லது வேணுமா?" என்றார்.

"ரெண்டும் வேற வேறயா?"

"ஒரே எடத்துலேருந்துதான் வருது. டப்பா வேற."

இரண்டையும் இரண்டு கையில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கனமானதை வாங்கினேன். கனமானதைத்தான் இந்த ஆள் எடுப்பான் என்று தெரிந்தே அவர் அதைக் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்திருக்கலாம் என்று திரும்பி வரும்போது தோன்றியது. அதற்குள் பஸ் ஊரைத் தாண்டியிருந்தது.

மத்தியானம் வேலையை ஆரம்பித்தேன். வேனை வேப்பமரத்தடியில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, முன்பக்கம் ஜாக்கி ஏற்றினேன். ஜாக்கியை நம்பாமல் அடியில் பழைய ஆட்டுக்கல்லை உருட்டி வைத்தேன். ஆட்டுக்கல்லையும் நம்பாமல், கழற்றிய சக்கரத்தை அதன் பக்கத்தில் படுக்கப் போட்டேன். பிறகு நான் படுத்தேன்.

மனைவி உள்ளே வளைகாப்புக்குப் புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம் என்று ஏற்பாட்டில் இருந்தாள். புளி கரைத்த கையோடு எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, சத்தத்தையே காணோம்?"

"இப்பத்தான் படுத்திருக்கேன்."

"ரிப்பேர் பார்க்கப் படுத்தீங்களா, சும்மா படுத்தீங்களா?"

ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். டை ராட் எண்டைச் சுற்றிச் சேறும் கிரீசும் சுண்ணாம்புத் தூசியும் சேர்ந்து, குளவிக்கூடு மாதிரி ஒரு கட்டி இருந்தது. சுரண்டினேன். மேல்மண் உதிர்ந்ததும் உள்ளே கயிறு போல எதுவோ முறுக்கிக்கொண்டு தெரிந்தது. கயிறு இல்லை, காய்ந்த கொடி. கொடியைப் பிய்த்தேன். கொடிக்குள்ளே முடி இருந்தது. கருஞ்சிவப்பாக, நீளமாக, பிசுக்கு ஏறிய ஒரு கொத்து முடி. அதைப் பிடித்து இழுத்தபோது உள்ளேயிருந்து ஒரு சிவப்புத் துணி எட்டிப் பார்த்தது. துணியில் ஒரு முடிச்சு.

நான் மைக் பிடித்தால் பேய் பிசாசையெல்லாம் கிண்டல் பண்ணுகிறவன். சாமியாடுகிறவருக்குச் சோடா கொடுக்கச் சொல்லி மைக்கிலேயே அறிவித்திருக்கிறேன். அப்பேர்ப்பட்டவன் வேனுக்கு அடியிலிருந்து எப்படி வெளியே வந்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை. உச்சந்தலையில் புடைத்திருந்ததைத் தடவிப் பார்த்தபோது, படுத்திருந்தவன் பக்கவாட்டில் நகராமல் நேராக எழுந்திருக்கிறேன் என்று தெரிந்தது.

கொடி, முடி, சிவப்புத் துணி, முடிச்சு. கட்டியிருக்கிற இடமும் ஹெட்லைட்டோ பம்பரோ இல்லை, ஸ்டியரிங். நாளைக்கு வாயும் வயிறுமாக இருக்கிற பெண்ணை ஏற்றப் போகிற வண்டியின் ஸ்டியரிங். யாரோ நன்றாக யோசித்து வேலை செய்திருக்கிறார்கள்.

யாராக இருக்கும்? குன்னத்தில் புதிதாக மைக்செட் கடை வைத்திருக்கிறவருக்கு என் மேல் பொறாமை இருக்கலாம். ஆனால் அவருடைய ஸ்பீக்கர் என்னுடையதைவிடப் பெரியது, பொறாமை என் பக்கம்தான் இருந்தது. மெக்கானிக் போன மாதம் அடியில் படுத்தார். கிரீஸ் வைக்கிற ஆளுக்குக் கொடி, முடி எல்லாம் சேகரிக்க நேரம் ஏது? கடைசியில் மனது எங்கே போய் நிற்கும் என்று எனக்கு முதலிலேயே தெரியும். எதிர் வீட்டு அண்ணன்.

எங்கள் பெரியப்பா மகன். மக்காச்சோளமும் கொள்ளும் பயிர் வைக்கிற சம்சாரி. கோடையில் கோயில் திருவிழா நடந்ததிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. அன்னதானத்துக்கு அரிசி தருவதாக அவர் ஒப்புக்கொண்டிருந்தார். உலை கொதித்தது, அரிசி வரவில்லை. நான் மைக்கில், "அண்ணன் அவர்கள் வாக்களித்த அரிசி வழியில் வந்துகொண்டிருக்கிறது. எந்த வழி என்பதுதான் தெரியவில்லை" என்று அறிவித்தேன். பந்தலே சிரித்தது. பந்தலுக்குப் பின்னால் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்த அண்ணன் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து தன் வாசலில் நீலச் சேரைப் போட்டு உட்கார்ந்து, என் வேன் போவதையும் வருவதையும் பார்ப்பார். பேச மாட்டார். அந்த நீலச் சேர் மேலும் எனக்கு ஒரு கண் உண்டு.

இந்த மாதிரிச் சங்கதிகளைக் கையால் தொடக் கூடாது, முச்சந்தியில் கொண்டு போய்ப் போட்டு உப்பு சுற்ற வேண்டும் என்று எங்கேயோ கேட்டிருந்தேன். நம்பிக்கை இல்லாதவனுக்கும் முறை தெரிந்திருக்கிறது. உள்ளே போனேன்.

"கல்லுப்பு கொஞ்சம் குடு."

"வண்டிக்கு எதுக்குங்க உப்பு?"

"துருவுக்கு."

"உப்பு பட்டாத்தானே துரு புடிக்கும்?"

"வீடியோவுல போட்டிருக்கான்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் வாங்கியது உப்பா, வேறு ஏதாவதா என்ற கேள்வி இருந்தது. அவளிடம் சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். சொன்னால் நாளைக்கு வேனும் இல்லை, வளைகாப்பே நடக்குமோ என்னவோ. பிளையரால் அந்தச் சுருளைப் பிடுங்கி, மண்வெட்டியில் வேப்பிலை பரப்பி அதன் மேல் வைத்து, கையை எட்ட நீட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். எங்கள் தெருவில் மூன்று பாதை கூடுகிற இடம் ஒன்றே ஒன்றுதான். அது அண்ணன் வாசலுக்கு நேர் எதிரே இருக்கிறது.

அவர் நீலச் சேரில் உட்கார்ந்திருந்தார். நான் குப்பை கொட்ட வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அதை அங்கே இறக்கினேன். குப்பையைச் சுற்றி யாராவது உப்புத் தூவித் துப்புவார்களா என்று அப்போது தோன்றவில்லை. திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும் என்பது விதி. பார்க்காமல் வந்தேன். அதனால் அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது.

மனம் லேசானது. இனி எல்லாம் கழன்றுவிடும் என்று படுத்தேன். பின்னை உருவினேன், வந்தது. நட்டில் ஸ்பேனரைப் போட்டு மிதித்தேன், வந்தது. எண்டு கம்பியில் எதுவரை ஏறியிருக்கிறது என்பதற்கு அடையாளமாக மனைவியின் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். புதியதும் அதே இடம் வரை ஏறினால்தான் சக்கரம் நேராக நிற்குமாம். பிறகு காம்பை அந்த இரும்புக் காதிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். அதுதான் வரவில்லை.

தட்டினேன். நெம்பினேன். டீசல் ஊற்றி ஊறவைத்தேன். கெட்ட வார்த்தை சொன்னேன், பிறகு மகள் நினைவு வந்து நல்ல வார்த்தையும் சொன்னேன். கடைசியில் பொறுக்க முடியாமல், காம்பின் நுனியில் கீழேயிருந்து சுத்தியலால் ஓங்கி ஓங்கி அடித்தேன். காம்பு அசையவில்லை. அதன் நுனி நசுங்கி, காளான் மாதிரி விரிந்துவிட்டது. இப்போது பழைய நட்டையும் திரும்ப மாட்ட முடியாது. அதுவரை வேனில் ஒரு சத்தம்தான் இருந்தது. என் கைவண்ணத்தில் இப்போது வேனே இல்லை. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

"சம்பந்திக்குப் போன் போடட்டுமா?" உள்ளேயிருந்து குரல்.

"எதுக்கு?"

"சும்மா. சத்தம் கேட்டுச்சு."

மறுபடி வீடியோவைத் தேடினேன். வேறொருவர், அழுக்குச் சட்டைக்காரர், வழி சொன்னார். காம்பை அடிக்கவே கூடாதாம். அது உட்கார்ந்திருக்கிற இரும்புக் காதை, இரண்டு பக்கமும் இரண்டு சுத்தியலால் ஒரே நேரத்தில் அடிக்க வேண்டுமாம். அந்த அதிர்ச்சியில் காது ஒரு கணம் பிடியை விடுமாம், காம்பு தானாகக் குதிக்குமாம். ஒரே நேரத்தில் என்பதை அவர் மூன்று தடவை சொன்னார். ஒருவனாகவே இரண்டு கையிலும் சுத்தியல் பிடித்து அடித்துப் பார்த்தேன். வலது கை சரியாக அடித்தது. இடது கைக்கு என் மேல் என்ன கோபமோ, குறி தவறி விரல் முட்டியைப் பெயர்த்துக்கொண்டேன்.

ஊரில் ஆள் இல்லை, பாதிப் பேர் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். என் மனைவி வந்து, "நான் அடிக்கிறேன், குடுங்க" என்று கை நீட்டினாள். குனிந்து ஒரு பக்கம் நான், எதிர்ப்பக்கம் சுத்தியலோடு அவள். கல்யாணம் ஆனதிலிருந்து சேர்ந்திருக்கிற பாக்கியெல்லாம் என் கண் முன்னால் வந்தது. "வேண்டாம், நீ புளியைப் பாரு" என்றேன்.

அப்போதுதான் தன் மண்வெட்டியோடு அண்ணன் வந்தார். மண்வெட்டியின் மேல் அந்தச் சுருள், வேப்பிலை, உப்பு, எல்லாம் நான் வைத்தது வைத்தபடி. பின்னால் அண்ணி.

"இது என்னாடா?"

திருவிழாவுக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இது.

"எது?"

"என் வாசல்ல கொண்டாந்து வச்சியே, இது. உப்பு வேற போட்டு, துப்பிட்டு வேற வந்த."

"நான் வைக்கலண்ணே. எனக்கு வச்சதைக் கழிச்சேன்."

"உனக்கு யார்ரா வச்சா?"

"அதை நீதான் சொல்லணும்."

"நான் வைக்கிறதா இருந்தா ஒன் ஸ்பீக்கர் ஒயரை அறுத்திருப்பேன்டா. ஊருக்கும் நிம்மதி. இதுக்குப் போயி ஒரு மொழம் துணியை வீணடிப்பனா?"

என் மனைவி நடுவில் வந்தாள். "என்னங்க இது? கழிச்சீங்களா? எதைக் கழிச்சீங்க?" என்றவள் மண்வெட்டியைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. "இது எங்க இருந்துச்சு?" என்றாள். நான் வேனைப் பார்த்தேன். புளி வடிகிற கையை அப்படியே வயிற்றில் வைத்துக்கொண்டு நின்றாள். மகளைச் சுமந்த வயிற்றில் கை போகிறது என்று எனக்குப் புரிந்தது. அந்தப் பொழுதில் எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

அண்ணிதான் முன்னால் வந்தாள். மண்வெட்டியிலிருந்து அந்தச் சுருளை வெறுங்கையால் எடுத்தாள்.

"தொடாதீங்கண்ணி."

"அட, விடு தம்பி." துணியை இழுத்து, உதறி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இது என் பாவாடைக் கிழிசல்ல? இந்தா, ஓரத்துல நான் போட்ட தையல்."

அண்ணி தையலைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"ரோட்டுல சோளம் காயப் போட்டமே, அதுக்குச் சுத்தி வச்ச கல்லு மேல கட்டியிருந்தேன், வண்டிக்காரங்க கண்ணுக்குத் தெரியட்டும்னு. ஒரு நாள் பார்த்தா கல்லு இருக்கு, துணியக் காணோம். எந்தக் களவாணியோன்னு பேசிக்கிட்டிருந்தோம்."

"முடி?" என்றேன்.

"முடியா? மக்காச்சோளக் கருது முடி தம்பி இது. காஞ்சா இப்பிடித்தான் கருத்துப் போவும். கொடி நம்ம கொள்ளுக் கொடி."

தை பிறந்தால் எங்கள் பக்கத்துத் தார்ச்சாலையெல்லாம் களம்தான். அறுத்த கொள்ளுச் செடியைச் சாலையில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகள் ஏறி ஏறிக் காய் உடைந்து கொள்ளு உதிரும். அதை ஒட்டிச் சாலையோரத்தில் மக்காச்சோளம் காயும். எத்தனையோ வருஷமாக நானும் அதன் மேல் ஓட்டுகிறவன்தான். செடி சில சமயம் அடியில் சுற்றிக்கொள்ளும், உருவிப் போட்டுவிட்டுப் போவோம். இந்தக் கொடி போகிற போக்கில் கருது முடியையும் அண்ணியின் பாவாடையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, சக்கரம் திரும்பத் திரும்ப முறுக்கேறி, எண்டின் ரப்பர் உறையை அறுத்து உள்ளே தூசியை விட்டிருக்கிறது. சத்தத்துக்குக் காரணம் அதுதான்.

இப்படித் தெளிவானதும் எல்லாரும் சிரித்திருப்போம் என்று நினைப்பீர்கள். அண்ணன் சிரிக்கவில்லை.

"அப்ப என் சோளத்து மேல ஏத்துனது நீதான்."

"கொள்ளு மேல ஏத்துனேன். ஏத்தறதுக்குத்தானே போடுற."

"கொள்ளு மேல ஏத்தலாம். துணி எதுக்குக் கட்டியிருக்கு?"

"எதுத்தாப்புல லாரி வந்துச்சுண்ணே, ஒதுங்குனேன்."

"எந்த லாரி?"

"லாரிக்குப் பேரா வச்சிருக்கான்?"

என் பக்கமும் சந்தேகம் முழுதாகத் தீரவில்லை. "அந்த முடிச்சு எதுக்கு?" என்று அண்ணியைக் கேட்டேன். "முடிச்சுப் போடாமக் கல்லுல எப்பிடி தம்பி கட்டுறது?" என்றாள். என் மனைவி மெதுவாக மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "உள்ள வாங்கக்கா" என்று அவள் அண்ணியைக் கூட்டிக்கொண்டு போனாள். போகும்போது என் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள், உப்புக்கு.

அண்ணன் போகவில்லை. குனிந்து சக்கரம் இல்லாத இடத்தைப் பார்த்தார்.

"பாப்பாவ இதுலயா கூட்டியாரப் போற?"

"ம்."

"இது என்ன, காளான் மொளைச்சிருக்கு?"

சொன்னேன். வெள்ளைச் சட்டை, அழுக்குச் சட்டை, ஒரே நேரத்தில் அடிப்பது, எல்லாம். அவர் விறுவிறுவென்று வீட்டுக்குப் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன். கல் உடைக்கிற சம்மட்டியோடு திரும்பி வந்தார். அதைப் பார்த்ததும் எனக்குத் திருவிழா மைக் ஞாபகம் வந்தது.

ஆளுக்கொரு பக்கம் குந்தினோம். இருவரும் இரும்பைப் பார்க்கவில்லை, எதிராளியின் சுத்தியலைத்தான் பார்த்தோம்.

"மூணு எண்ணுறேன். அடி" என்றார்.

"மூணுங்கும்போதா, மூணு சொல்லி முடிச்சா?"

"மூணுங்கும்போதுதான்டா."

அடித்தோம். அவர் முதலில், நான் பிறகு. "நீ வேணும்னே லேட்டா அடிக்கிற" என்றார். அடுத்த தடவை நான் முதலில், அவர் பிறகு. "நீ என் கையைப் பார்த்துக்கிட்டு அடிக்கிற" என்று நான் சொன்னேன். இன்னும் சில தடவை இப்படியே போனது. காம்பு எங்கள் இருவரையும் வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இருட்டுவதற்குள் முடியாது என்று எனக்குத் தோன்றியது.

அண்ணன் சம்மட்டியைக் கீழே வைத்தார். "நீ எண்ணு. மைக்குல எண்ணுவியே, விடியக்காலையில ஊரே எந்திரிச்சு உக்காருற மாதிரி. அப்பிடி எண்ணு."

கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அந்தத் தாளம் கைக்குள்ளேயே இருக்கிறது. "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ..." என்று தெரு அதிரக் கத்தினேன். கோடைத் திருவிழாவில் வாரம் முழுக்க அதைக் கேட்டுக் கேட்டு வெறுத்தவர் அண்ணன். அந்தத் 'த்ரீ' எங்கே விழும் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இரண்டு சுத்தியலும் ஒரே சத்தமாக விழுந்தன. 'டங்' என்றது. காம்பு துள்ளி மேலே வந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"ஒழிஞ்சுது சனியன்" என்றார் அண்ணன். என்னைச் சொன்னாரா, எண்டைச் சொன்னாரா என்று கேட்கவில்லை.

புதியதை நகப்பூச்சுக் கோடு வரை ஏற்றி, காம்பைக் காதில் இறக்கி, நட்டை முறுக்கினேன். "பின்னு போட்டியா?" என்றார். போட்டேன் என்றேன். "காட்டு" என்றார். காட்டியும் நம்பாமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் படுத்துத் தானே பின்னை இழுத்துப் பார்த்தார். சக்கரத்தை மாட்டி, குன்னம் வளைவு வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தோம். சத்தம் இல்லை. சத்தம் இல்லாததையும் அவர் சந்தேகமாகத்தான் கேட்டுக்கொண்டு வந்தார்.

மறுநாள் அண்ணி எங்களோடு வேனில் வந்தாள். அண்ணன் வரவில்லை, வயலில் ஆள் விட்டிருக்கிறேன் என்றுவிட்டார். வளையல் அடுக்கி, சாதம் பரிமாறி எல்லாம் முடிந்து, மகளை மெத்தையில் உட்கார வைத்துக்கொண்டு மத்தியானத்துக்கு மேல் கிளம்பினோம். நான் மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினேன். ஒவ்வொரு வளைவிலும் காதை ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன். "அப்பா, ரோட்டைப் பாருங்க" என்று பின்னாலிருந்து மகள் இரண்டு தடவை சொன்னாள்.

அரியலூர் நெருங்கும்போதுதான் கண்ணாடியில் அந்த பைக்கைக் கவனித்தேன். முகத்தில் துண்டைச் சுற்றிக் கட்டிய ஓர் ஆள். நான் மெதுவாகப் போனால் அவனும் மெதுவாக வந்தான். வேகம் எடுத்தால் அவனும் எடுத்தான். லாரிக்கு வழிவிட்டு ஒதுங்கினால் அவனும் ஒதுங்கி நின்றான். மகள் கழுத்திலும் கையிலும் இருக்கிற நகை என் முதுகில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஜெயங்கொண்டத்திலேயே குறி வைத்திருக்கிறான். ஜன்னல் கண்ணாடியை ஏற்றச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார்கள். தூசி என்றேன். கூட்டமாக இருந்த ஒரு டீக்கடையைப் பார்த்ததும், டீ குடிக்கிற சாக்கில் சட்டென்று ஓரம் கட்டினேன். பைக்கும் வந்து பின்னால் நின்றது. நான் வீல் ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

அவன் துண்டை அவிழ்த்தான். அண்ணன்.

"நீ எங்கண்ணே இங்க?"

"அரியலூர்ல ஒரு வேலை."

"காலையில போகும்போதே பின்னாடிதான் வந்தாரு" என்றாள் அண்ணி உள்ளேயிருந்து. "சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டாரு."

"எதுக்குண்ணே?"

அவர் இடது முன்சக்கரத்துப் பக்கம் வந்து, காலால் டயரை ஒரு தட்டுத் தட்டினார். குனிந்து அடியில் பார்த்தார்.

"நட்டு கழண்டு விழுந்தா யாராவது பொறுக்கணும்ல."

மகள் ஜன்னலைத் திறந்தாள். வளையல் சத்தத்தோடு கையை வெளியே நீட்டி, "பெரியப்பா, வெயில்ல எதுக்கு? பைக்கை இங்க விட்டுட்டு வண்டியில ஏறிக்குங்க" என்றாள்.

"இந்த வண்டியிலயா?" என்றார் அண்ணன். துண்டை மறுபடி முகத்தில் சுற்றிக் கட்டிக்கொண்டு, நான் கிளம்புவதற்காகப் பின்னால் போய் நின்றார்.